நம்ம மழைக்கு நம்ம மரம்: வீட்டுத் தச்சு வேலைக்கு ஒரு பக்கம் வேணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு பதிப்புல சமையல் வருது, ஜோதிடம் வருது, பிள்ளைங்களுக்கு தனியா பக்கம் வருது, எல்லாத்தையும் வீட்டுல மாத்தி மாத்தி படிக்கிறோம். ஆனா ஒரு பக்கம் இல்லைங்கறத இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நம்ம கையாலயே பலகை அறுத்து செஞ்சுக்கற சின்ன சின்ன தச்சு வேலைக்கு தமிழ்ல ஒரு பக்கம் வேணும் ஐயா. எங்க பஹாவ் மாதிரி எஸ்டேட்ட சுத்தி வளந்த ஊர்ல இந்த ஆசை உள்ளவங்க நிறைய பேரு இருக்காங்க, சாயங்காலம் தாமான் (குடியிருப்பு) பக்கம் நடந்து போனா கார் நிக்கிற இடத்துல டிரில் சத்தம் கேக்கும், யாராச்சும் செருப்பு வைக்க ரேக் பண்ணிட்டிருப்பாங்க, இல்லன்னா பூச்செடிக்கு பெட்டி.

ஆனா இவங்க பாத்து கத்துக்கறது எல்லாமே குளிர் நாட்டுக்காரங்க போடற வீடியோ. அதுல வர்ற மரம் வேற, காத்து வேற. அவங்க சீடர்ங்கற மரத்து பலகையில பெஞ்ச் செஞ்சு எண்ணெய் தடவி புல்லு மேல வச்சிட்டு போயிடறாங்க, அங்க அது பல வருஷம் நிக்கும். இங்க அதே அளவு, அதே படத்த வச்சு ஹாட்வேர் கடையில கிடைக்கிற பைன் பலகையில செஞ்சு வாசல்ல போட்டா, காலையில வெயிலு, மத்தியானம் பேய் மழை, ராத்திரி பூரா ஈரம், அடியில கரையான், கொஞ்ச நாள்லயே கால் பக்கம் பஞ்சு மாதிரி ஆயிடும். செஞ்சவரு தனக்கு கை வரலன்னு நினைச்சு ரம்பத்த மூட்ட கட்டி வச்சிடறாரு. கை நல்லாத்தான் வந்துருக்கு, மரம்தான் தப்பு. இத சொல்றதுக்கு தமிழ்ல ஆளு இல்லைங்கறதுதான் என் வருத்தம்.

நம்ம ஜனங்களுக்கு ரொம்ப தெரிஞ்ச மரம் ரப்பர் மரம். 1877ல லண்டன் கியூ தோட்டத்துலருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்னுல 9 கன்ன கோலாகங்சாருல நட்டாங்க, அதுக்கப்புறம் நம்ம முன்னோருங்க கப்பலேறி வந்து காடு வெட்டி, கன்னு வச்சு, விடியறதுக்கு முன்னாடி நெத்தியில வெளக்கு கட்டிட்டு போயி பால் வெட்டுனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். அதே மரம் இருபத்தஞ்சு முப்பது வருஷம் பால் குடுத்து ஓஞ்சு போனதும் வெட்டி சாய்ச்சிட்டு, ஒண்ணு அங்கயே போட்டு எரிப்பாங்க, இல்ல ரப்பர் ஷீட்டு காயப்போடற பொகை வீட்டுக்கு வெறகு, செங்கல் சூளைக்கு வெறகு, லயத்துல நம்ம அடுப்புக்கும் வெறகு. பலகைன்னு அத யாரும் மதிக்கல. காரணம் இருந்துச்சு, அந்த மரத்துக்குள்ள மாவுச்சத்து ஜாஸ்தி, வெட்டி போட்ட கொஞ்ச நாள்லயே நீல நெறத்துல பூசணம் ஏறிடும், வண்டு துளைச்சு உளுத்துப் போயி மாவு மாவா கொட்டும். அப்புறம் கெப்போங்குல உள்ள வன ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடங்கள்ல ஆராய்ச்சி பண்ணி, அறுத்த ஒடனே போரான் மருந்த அழுத்தம் குடுத்து உள்ள ஏத்தி, சூளையில வச்சு ஈரத்த எடுத்துட்டா நல்ல மேசை நாற்காலி செய்யலாம்னு காட்டுனாங்க. இன்னைக்கு மூவார்ல இருக்கற ஃபேக்டரிங்க அந்த பலகையிலதான் கட்டில், சாப்பாட்டு மேசை செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புது. நம்ம பாட்டன் பூட்டன் வளத்த மரம் யாரோ ஒருத்தர் வீட்டு ஹால்ல பளபளன்னு நிக்குது, நாம மரத்தூள அமுக்கி ஒட்டுன பலகை அலமாரிய கடன்ல வாங்கி வைக்கிறோம், அது தண்ணி பட்டா ஊதிப் போகுது. இத நினைச்சா எனக்கு மனசு கேக்கல.

ரப்பர் பலகைய நம்ம ஆளுங்க கையில எடுக்கணும்னு நான் சொல்றது உணர்ச்சிக்காக மட்டும் இல்ல. உண்மையிலயே வீட்டு வேலைக்கு அருமையான பலகை அது. வெளிர் மஞ்ச நெறம், ரொம்ப கனமும் இல்ல லேசும் இல்ல, காஞ்ச பிறகு அதிகமா சுருங்காது, சாயம் நல்லா பிடிக்கும், இழைச்சா வழவழன்னு வரும். சின்ன சின்ன துண்ட வெரல் கோத்த மாதிரி பல்லு வெட்டி ஒட்டி அகல பலகையா ஹாட்வேர் கடையில விக்கிறாங்க, ஃபர்னிச்சர் பட்டறையில மிச்சம் விழற துண்டு கேட்டா மலிவா குடுப்பாங்க.

ஆனா ஒரு விஷயத்த கொட்டை எழுத்துல போடணும் ஐயா. ரப்பர் பலகை வீட்டுக்குள்ள மட்டும்தான். வெளிய வைக்கவே கூடாது. மருந்து ஏத்துன பலகைதானேன்னு சில பேரு நினைக்கிறாங்க, அந்த போரான் மருந்து தண்ணியில கரையற மருந்து, மழையில நனைய நனைய மெல்ல மெல்ல கழுவிட்டுப் போயிடும், அப்புறம் வெறும் மாவுச்சத்து மரம்தான் நிக்கும். வார்னிஷ் அடிச்சா போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க, வெயில்ல வார்னிஷ் வெடிச்சு அந்த கீறல் வழியா தண்ணி உள்ள போயி வெளிய வர வழியில்லாம தங்கிடும், அது இன்னும் மோசம்.

உள்ளுக்கு என்ன செய்யலாம்னா, மொதல்ல ஒரு மணை செய்யுங்க. உக்காந்து சாப்பிடற மணை, பூசைக்கு போடற மணை, பொங்கலுக்கு பான எறக்கி வைக்கிற மணை. ஒரு பலகை, அடியில ரெண்டு கட்டை, அவ்வளவுதான், ஆனா தச்சு வேலையோட பாதி பாடம் அதுலயே இருக்கு. பலகையோட ரேகை, அதாவது மரத்துல தெரியற கோடு, நீளவாக்குல ஓடும், அடியில வைக்கிற கட்டை குறுக்க போகும், மழைக் காலத்துல பலகை அகலத்துல கொஞ்சம் விரியும், வெயில் காலத்துல சுருங்கும், நீளத்துல அப்படி ஆகாது. அதனால ஓரத்து ஸ்க்ரூவுக்கு கட்டையில போடற ஓட்டைய வட்டமா போடாம நீளமா இழுத்து போட்டு, நடு ஸ்க்ரூவ மட்டும் இறுக்கமா விட்டா பலகை வெடிக்காது. ரப்பர் பலகை கெட்டியானது, அப்படியே ஸ்க்ரூவ ஏத்துனா ஓரம் பொளந்துக்கும், ஸ்க்ரூவ விட கொஞ்சம் சின்ன டிரில் முனையில மொதல்ல ஓட்ட போட்டுட்டு ஏத்தணும். சாண்ட்பேப்பர் 80ல ஆரம்பிச்சு 120, அப்புறம் 180, ரேகை போற பக்கமே தேய்க்கணும், குறுக்க தேய்ச்சா சாயம் பூசும்போது ஒவ்வொரு கீறலும் பல்ல காட்டும்.

மணை செய்ய கை பழகிட்டா அடுத்து சாமி மேடை. கடையில வாங்கறதுல பாதி பிளைவுட்டு மேல ஒட்டுன தாள், வெளக்கு சூடு பட்டு பொரிஞ்சு போகும். நம்ம வீட்டு செவுத்துக்கு அளவெடுத்து, வெளக்கு வைக்கிற எடத்துல மட்டும் ஒரு பித்தளத் தகடோ கிரானைட் துண்டோ பதிச்சு, கீழ எண்ணெய் திரி வைக்க ஒரு இழுப்பறை வச்சு செஞ்சுட்டா அது பேரப்பிள்ளைங்க வரைக்கும் நிக்கும். மேல தட்டு வெளக்குலருந்து நல்லா உசரமா இருக்கணும், அதுல விளையாட்டு வேண்டாம்.

வெளிய வைக்கிறதுக்கு வேற மரம். செங்ஙால் கிடைச்சா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, கரையானும் அத அவ்வளவு சுலபத்துல தொடாது, பாலாவ் மரமும் நல்லா தாங்கும், மெர்பாவ் மரமும் பரவால்ல, ஆனா மெர்பாவ் மழையில நனைஞ்சா ஆரம்பத்துல செவப்பு சாயம் எறங்கும், சிமெண்டு தரையில கறை பிடிக்கும். புது செங்ஙால் வெல நம்மளால தாங்க முடியாது, அதுக்குத்தான் பழைய பலகை வீடு இடிக்கிற எடத்துல சொல்லி வைக்கணும். கம்பத்துல (கிராமத்துல), எஸ்டேட்டுல பழைய வீட்ட எறக்கும்போது வர்ற உத்தரம், ஜன்னல் சட்டம் எல்லாம் எத்தனையோ மழைய பாத்த மரம், மேல சாம்பல் நெறமா இருக்கும், ஒரு தடவ இழைச்சு பாத்தா உள்ள அப்படியே புதுசு. அறுக்கறதுக்கு முன்னாடி உள்ள ஆணி இருக்கான்னு காந்தம் வச்சு தடவி பாக்கணும், பழைய பெயிண்ட் இருந்தா ஈயம் கலந்திருக்கலாம், காஞ்ச மேனிக்கு தேய்ச்சு தூசி கெளப்பக்கூடாது, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்த பலகைய விட்டுடறதே நல்லது.

வெளிய நிக்கிற சாமானுக்கு மரத்த விட முக்கியம் தண்ணி நிக்காம பண்றது. பெஞ்ச் மேல பலகைக்கும் பலகைக்கும் ஒரு 5 மில்லிமீட்டர் எடவெளி விடணும், கால மண்ணுல பதிக்காம ஒரு சிமெண்டு கல்லு மேல நிக்க வைக்கணும், கால் அடியில வெட்டு வாய்லதான் தண்ணி உறிஞ்சி மேல ஏறும், அங்கதான் ரெண்டு மூணு தடவ எண்ணெய் ஊற விடணும். சாதா இரும்பு ஆணி போட்டா துரு பிடிச்சு மரத்துல கருப்பு கோடு எறங்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கொஞ்சம் வெல ஜாஸ்தி, பரவால்ல வாங்குங்க. வெள்ளைப் பசையில சாதா வகை ஈரத்துக்கு விட்டுடும், தண்ணி தாங்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கறத பாத்து வாங்கணும், நம்ம சூட்டுக்கு பசை சீக்கிரம் இறுகிடும், அதனால தடவறதுக்கு முன்னாடியே கிளாம்ப் எல்லாம் பக்கத்துல தயாரா இருக்கணும்.

கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் பெட்டி செய்ய நெறைய பேரு ஃபேக்டரி வாசல்ல கிடக்கற பேலட் கட்டைய எடுத்துட்டு வர்றாங்க. நல்ல யோசனைதான், ஆனா கட்டையில சுட்டு வச்ச முத்திரைய படிக்கணும். HT (எச்டி)ன்னு இருந்தா சூடு வச்சு பூச்சி கொன்னது, நடு மரம் வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் குடுக்கணும்னு சர்வதேச விதி, அத எடுத்துக்கலாம். MB (எம்பி)ன்னு இருந்தா மீத்தைல் புரோமைட் வெஷப் பொகை போட்டது, தொடாதீங்க. முத்திரையே இல்லாதது, எண்ணெய் கறை உள்ளது, அதுவும் வேண்டாம். எங்க ஊர் வழியா ரயில் பாதை போறதால பழைய ஸ்லீப்பர் கட்டைய கீரை பாத்திக்கு வேலியா வைக்கிற வழக்கம் இங்க உண்டு, அதுல பல கட்டை கிரியோசோட்ங்கற தார் எண்ணெய் ஏத்துனது, வெயில்ல கருப்பா கசியும், நாம சாப்பிடற செடி பக்கத்துல அது இருக்கவே கூடாது. பச்ச நெறம் ஏறுன மருந்து மரத்துல ஆர்சனிக் வெஷம் இருக்கலாம், அத பாத்திக்கும் வேண்டாம், அடுப்புல வச்சு எரிக்கவும் வேண்டாம்.

பாகல், பயத்தங்காய்க்கு பந்தல் போடறத பத்தி எழுதுனா தனி கடிதமே ஆயிடும். பாத்துக்க வேண்டிய ஒண்ணே ஒண்ண மட்டும் சொல்றேன், காய் முத்துன கொடியில மழைத்தண்ணி நின்னா பந்தல் எடை நல்லா ஏறும், மூலைக்கு மூலை சாய்வா ஒரு முட்டு குடுக்காம நாலு காலு மட்டும் நட்டு வச்சா காத்து அடிக்கும்போது ஒரே பக்கமா சாஞ்சுடும்.

பாதுகாப்பு பத்தி சுருக்கமா. கண்ணாடி, மாஸ்க் போடாம மெஷின் தொடக்கூடாது. ஈரத் தரையில வெறுங்கால்ல நின்னு டிரில் போடக்கூடாது. லின்ஸீட் எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி மூலையில போட்டா தானா சூடேறி தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காய வச்சுட்டுத்தான் தூக்கிப் போடணும்.

இப்ப என் கோரிக்கை. வாரா வாரம் வேண்டாம் ஐயா, மாசம் ஒரு தடவ அரை பக்கம் போதும். ஒரு சாமான், அதுக்கு மில்லிமீட்டர்ல அளவு, கையால வரைஞ்ச படம், எந்த மரம், அது உள்ளயா வெளியயா, இவ்வளவுதான். எழுதறதுக்கு ஆளு எங்கன்னு கேக்காதீங்க, எஸ்டேட்டுல தச்சு வேல பாத்து ரிட்டையர் ஆன பெரியவங்க ஒவ்வொரு ஊர்லயும் இன்னும் இருக்காங்க. லயத்து கதவு, கோயில் தேர் சக்கரம், ஆயாக்கொட்டகை தொட்டில், பள்ளிக்கூட பெஞ்ச், எல்லாம் அவங்க கை. கழுந்து வெட்டி துளையில எறக்கி ஒரு ஆணி இல்லாம நிக்க வைக்கிற வித்த அவங்களுக்கு தெரியும், மரத்த தட்டிப் பாத்தே உள்ள உளுத்திருக்கான்னு சொல்லிடுவாங்க. அவங்க எழுத மாட்டாங்க, கேட்டா சொல்லுவாங்க, உங்க ஊர் நிருபர் போயி உக்காந்து கேட்டு எழுதுனா போதும். அவங்க போயிட்டா எந்த வீடியோவுலயும் அது கிடைக்காது.

பொம்பளைங்களுக்கும் சேத்துத்தான் போடணும். எங்க தெருவுல நல்லா அளவெடுத்து நேரா அறுக்கறது ஒரு அக்காதான், தையல்ல வந்த கை அது, மில்லிமீட்டர் பிசகாது.

மொத பக்கத்துல தோட்டத்து பெஞ்ச் போடுங்க, வருஷக் கடைசி மழை பிடிக்கறதுக்கு முன்னாடி வந்தா ரொம்ப உதவியா இருக்கும், ஏன்னா வெளிய நிக்கிற மரத்துக்கு எண்ணெய் ஏத்தறத மரம் நல்லா காஞ்சிருக்கற வெயில் நாள்லயே முடிச்சிடணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பஹாவ், நெகிரி செம்பிலான்.