கொழுக்கட்டையைக் குடும்பத்துடன் உண்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மகளிர் பக்கத்தில் வந்த ஔவையார் நோன்புக் கட்டுரையை, வியாசர்பாடியில் இருக்கும் என் அக்காள் மகள் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தவள் கடைசி வரியில் திடுக்கிட்டேன்: “கொழுக்கட்டையைக் குடும்பத்துடன் உண்டு மகிழலாம்.”

குடும்பத்துடனா? ஆண் குழந்தையைக்கூட அண்டவிடாத நோன்பு ஐயா அது. செவ்வாய் இரவு, வீட்டு ஆண்கள் உறங்கிய பிறகுதான் பச்சரிசியை இடிக்கவே தொடங்குவோம். மாவில் உப்புச் சேர்ப்பதில்லை. உங்கள் கட்டுரையிலோ ‘தேவையான அளவு உப்பு’ என்று வேறு இருக்கிறது. படைத்து, கதை கேட்டு, விடிவதற்குள் ஒரு விள்ளல் மிச்சமில்லாமல் பெண்களே தின்று தீர்த்துவிட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் ஔவையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாய்க்குக் கூட்டமாகப் போய்ப் படைப்பது வேறு. எழுதியவர் அதையும் இதையும் கலந்துவிட்டாரோ என்னவோ. நோன்புக்குரிய மாதங்களைச் சொல்லும் “தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி” என்பதை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறார்.

பர்மாவில், இந்த யாங்கோனில் (பழைய ரங்கூன்) இந்த நோன்பை நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. 1964-இல் எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், அக்காள் உட்பட. கதை சொல்லத் தெரிந்தவர்களில் மிஞ்சியது என் அம்மாதான். அவருக்குப் பின் நான். இப்போது குடியிருப்பது நான்காம் மாடியில் ஒற்றை அறை. நோன்பன்று என் வீட்டுக்காரரும் மகனும் கொழுந்தனார் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். 2021 மாசியில், ராணுவம் ஆட்சியைப் பிடித்த கையோடு, இரவு 8 மணி முதல் காலை 4 மணி வரை ஊரடங்கு, எங்கே அனுப்புவது? இரண்டு கைலிகளைச் சேர்த்துத் தைத்துக் குறுக்கே திரை கட்டினேன். மின்சாரமும் இல்லை, மிக்சியும் ஓடவில்லை. இரும்பு உரலில் இடித்தோம். அந்தச் சத்தத்திலும் திரைக்கு அப்பால் குறட்டை நிற்கவே இல்லை. நாற்பது வருடமாகக் கேட்ட குறட்டை எனக்குத் தெரியாதா? பொய்க் குறட்டை. காலையில், “ராத்திரி கனவில் யாரோ ரோடு போட்டார்கள்” என்றார்.

என் மருமகள் பர்மியப் பெண். மூன்று வருடமாக எங்களோடு உட்காருகிறாள். அவளுக்காகக் கதையைப் பாதி பர்மிய மொழியில் சொல்கிறேன். ஔவையாரை ‘அப்வா’ என்பாள். பர்மிய மொழியில் பாட்டிக்கு அதுதான் பெயர். என்னைவிட நறுவிசாகக் கொழுக்கட்டை பிடிப்பாள். அவளிடம் உங்கள் கட்டுரையை யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். “பேப்பரிலேயே போட்டிருக்கிறதாமே, பையனுக்கு ஒன்று எடுத்து வைத்தால் என்ன?” என்கிறாள். பேரனுக்கு ஆறு வயது. கொழுக்கட்டை என்றால் உயிர். நான் சொன்னால் கிழவி பேச்சு, அச்சில் வந்தால் சாஸ்திரம்!

ஆடியில் இன்னும் இரண்டு செவ்வாய் இருக்கின்றன. அதற்குள் இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். மருமகளிடம் காட்ட வேண்டும். கதையையும் எழுதி அனுப்பச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் ஆண் என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, யாங்கோன்.