குரல் பதிவு போகும், அழைப்பு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மருமகன் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். பேத்திக்கு இரண்டு வயது. வாட்ஸ்அப்பில் அவர் பேசி அனுப்பும் குரல் பதிவைக் கேட்டதும் குழந்தை 'அப்பா, அப்பா' என்று போனுக்குப் பதில் சொல்கிறாள். பதிவு முடிந்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிந்தும் அனுப்பலாம். அழைத்து நேரடியாகப் பேச மட்டும் வழியில்லை.

உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களே இணைய அழைப்புச் சேவையை நடத்தலாம் என்பது அந்நாட்டு விதி. ஸ்கைப், ஃபேஸ்டைம் போன்ற அழைப்புச் செயலிகளும் இதில்தான் அடைபட்டன. அனுமதித்த சில செயலிகளில் பேசுவதற்கு, டேட்டாவுக்குக் கட்டும் பணம் போக, தனிக் கட்டணம் வைத்தார்கள். 2018 தொடக்கத்தில் கைப்பேசிக்கு மாதம் 50 திர்ஹம். இன்றைய மதிப்பில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கி, மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறவருக்கு அது பெரிய தொகை.

இருக்கும் இடத்தை மறைத்து இணையத் தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். செயலியைப் போட்டுப் பேசுகிறவர்களும் உண்டு. குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்கிறது 2021-ஆம் ஆண்டுச் சட்டம். பெற்ற மகளோடு பேசுவதும் அதில் சேருமா? மருமகனுக்குத் தெரியவில்லை. பயந்து அதைத் தொடுவதே இல்லை.

திறக்க முடியாத கதவல்ல இது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, பள்ளிப் பாடத்துக்கும் அலுவலக வேலைக்கும் என்று ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற காணொலி அழைப்புச் செயலிகளை அமீரகமே அனுமதித்தது. பக்கத்திலுள்ள சவுதி அரேபியா, தன் விதிகளுக்கு உடன்படும் செயலிகளின் அழைப்புகளுக்கு இருந்த தடையை 2017 செப்டம்பரிலேயே நீக்கிவிட்டது.

அமீரகத்தில் இந்தியர்கள் 35 லட்சத்துக்கும் மேல். இரு நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம் 2022 மே முதல் நடப்பில் இருக்கிறது. நம் நகைக்கும் துணிக்கும் அங்கே இறக்குமதி வரி இல்லாமல் செய்ய நம் அரசால் பேச முடிந்தது. அங்கே உழைக்கிறவர்கள் வீட்டோடு பேசுவதற்காகவும் அது பேச வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே வெளியுறவு அமைச்சரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முதுகுளத்தூர்.