ஆட்டோ அண்ணனுக்கும் உங்கள் எல்லோருக்கும்

வேப்பேரியிலிருந்து வீடு திரும்பி இரண்டு மணி நேரம் ஆகிறது. என் நாய் உருண்டை ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக் குறட்டை விடுகிறான். ராத்திரி திடீரென்று அவன் தலை ஆட ஆரம்பித்து, நான் பதறியது நம் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

முதலில், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த ஆட்டோ அண்ணனுக்கு. நாயைப் பார்த்ததும் இரண்டு வண்டிகள் நிற்காமல் போய்விட்டன. இவர் சீட்டில் ஒரு சாக்கை விரித்து, "ஏத்துங்கம்மா" என்றார். ஓட்டேரி தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தது. மடியில் படுத்திருந்தவனின் தலை மட்டும் 'வேண்டாம், வேண்டாம்' என்பதுபோல் இடமும் வலமுமாக ஆடியது. சீக்கிரம் போகச் சொல்லிக் கத்தினேன். அவரோ மர நிழலில் வண்டியை நிறுத்தினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க போனைக் குடுங்கம்மா. டாக்டர்கிட்ட போறதுக்குள்ள நின்னுடும். அப்புறம் எப்படி ஆடிச்சுன்னு கேட்டா நமக்குச் சொல்லத் தெரியாது. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று வீடியோ எடுத்தார். கூப்பிட்டேன், கண் என் பக்கம் திரும்பியது. சட்டைப்பையில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை அவர் நீட்ட, உருண்டை மோந்து பார்த்தான். ஆட்டம் சட்டென்று நின்றது.

அவர் மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வருமாம். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அடங்கிவிடும். டாக்டர் கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்பாராம்.

1903-லிருந்து வேப்பேரியில் இருக்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில், டாக்டரம்மா அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தார். பெரிய வலிப்பென்றால் நினைவு தப்பும், கால்கள் உதைக்கும், எச்சில் ஒழுகும், சிறுநீர் போகும், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மலங்க விழிக்கும். இவனோ கூப்பிட்டால் பார்க்கிறான், பிஸ்கட் தின்கிறான். ரத்தத்தில் சர்க்கரை, கால்சியம் எல்லாம் சரி. புல்டாக், பாக்ஸர், டாபர்மேன் இனங்களில் இப்படித் தலை நடுக்கம் வருவதுண்டாம். காரணம் இன்னும் பிடிபடவில்லை. வலிப்பு மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்பதில்லை, தேவையுமில்லை. சில நிமிஷத்தில் தானே அடங்கும். நினைவு தப்பினாலோ நடை தள்ளாடினாலோ மட்டும் உடனே தூக்கி வரச் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

விடிய விடியக் கூட இருந்த மாடி வீட்டு அக்கா, லிஃப்ட் வேலை செய்யாததால் அவனைத் தூக்கி இறக்கிய வாட்ச்மேன் தாத்தா, கேட்காமலே பணம் அனுப்பிய மூன்று வீட்டுக்காரர்கள், உருண்டைக்காகப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்ட குட்டிப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. தலை ஆடுவதைப் பார்த்து வெறி பிடித்துவிட்டது என்று பயந்து, யாரும் அவனைத் துரத்தச் சொல்லவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன்.

இனி என் பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். யார் வீட்டு நாய்க்கு இப்படி வந்தாலும், எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டுங்கள். வீடியோ எடுக்க நான் வருகிறேன்.

அண்ணா, மீட்டருக்கு மேல் கொடுத்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். வீடியோவின் கடைசியில் உங்கள் குரல் இருக்கிறது. "ஒண்ணுமில்லடா ராஜா, ஒண்ணுமில்ல." காலையிலிருந்து அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.