ஊர்ப் போர் நினைவுக்கல் சீரமைப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பழைய சாவடிச் சுவரில் பதித்திருக்கும் கல்லை நம் ஊரார் எல்லோரும் பார்த்திருப்போம். 1914-1919 பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, இங்கிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. ஒருவர் பெயர்கூட இல்லை. சுவர் விரிசல் விட்டுவிட்டது, அடுத்த மழைக்குத் தாங்காது என்கிறார் கொத்தனார். கல்லைப் பத்திரமாகப் பெயர்த்து, நூலக வாசலில் சிறு மண்டபம் கட்டிப் பதிக்கப் போகிறோம். உள்ளே ஓர் அறையில் அந்தப் போரையும் போனவர்களையும் பற்றிய நிரந்தரக் கண்காட்சி வைக்கிறோம்.

எங்கேயோ நடந்த சண்டைக்கு இவர்கள் ஏன் போனார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட கதை பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே ஐரோப்பிய வல்லரசுகள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆயுதம் குவித்திருந்தன. ஆஸ்திரியா செர்பியா மீது பாய்ந்தது, ரஷ்யா செர்பியாவுக்குத் துணை வந்தது, ஜெர்மனி ரஷ்யாவோடும் பிரான்சோடும் மோதியது. ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்ததும் ஆகஸ்ட் 4-ல் பிரிட்டனும் இறங்கியது. பிரிட்டன் இறங்கினால் இந்தியாவும் இறங்கியதாகத்தான் கணக்கு. நம்மை யாரும் கேட்கவில்லை. அப்புறம் துருக்கி ஜெர்மனி பக்கம் சேர, பாரசீக வளைகுடாவின் எண்ணெயைக் காக்க அந்த நவம்பரிலேயே இந்தியப் படை மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறக்கப்பட்டது. அதே மாதம் ஜெர்மனி ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-வது காலாட்படை தோற்றுத் திரும்பியது.

காலாட்படைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். அதற்காகத்தான் பலர் பெயர் கொடுத்தார்கள். மெசபடோமியாவில் கோடையில் கூடாரத்துக்குள்ளேயே ஆள் சுருண்டு விழும் வெயில், மழை பெய்தால் வண்டி புதையும் சேறு. காய்கறி இல்லாமல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வேறு. 1915 நவம்பரில் பாக்தாத் அருகே டெசிஃபோனில் நடந்த சண்டையில் காயம்பட்டவர்களை ஸ்பிரிங் இல்லாத வண்டிகளில் போட்டு ஆற்றங்கரைக்கு இழுத்துவந்தார்கள். எலும்பு முறிந்தவனுக்கு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும்! அடுத்து கூட் நகரில் துருக்கிப் படையின் முற்றுகை. மாவு குறைந்துகொண்டே போனது, குதிரை இறைச்சி உண்ண மாட்டோம் என்று இந்தியச் சிப்பாய்கள் பலர் பட்டினி கிடந்தார்கள். 1916 ஏப்ரல் 29-ல் சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். பாலைவனத்தில் நடத்திக் கூட்டிப் போனபோதும், பிறகு ரயில் பாதை வேலையிலும் ஏராளமானோர் செத்தார்கள்.

பாலமும் சாலையும் போட்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அந்த மண்ணில் இருந்தார்கள். தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், காயம்பட்டவரைத் தூக்கியவர் என்று துப்பாக்கி இல்லாமல் போனவர்களும் உண்டு. அவர்களையும் சேர்த்தே எழுதுவோம் என்பதில் குழு உறுதியாக இருக்கிறது.

இராக்கில் இருக்கும் பாஸ்ரா போர் நினைவிடத்திலும் இதே அநியாயம்தான். ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். ஆனால் இறந்தவர்களின் பதிவேடுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் சிலருக்குத் தந்தை பெயர், ஊர், தாலுகாகூட இருக்கிறது. உயிரோடு திரும்பியவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பல நாள் உட்கார்ந்து தேட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் 3 லட்சம் ரூபாய் தேவை. பாதிக்கு மேல் மண்டபத்துக்கே போய்விடும். மிச்சம் கண்காட்சிப் பலகைகளுக்கும் ஆவணத் தேடலுக்கும். நூறு ரூபாயாக இருந்தாலும் சரி, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். நூலகத்தில் ரசீது தருவோம். வரவு செலவு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சிமெண்ட், மணல், ஆள் வேலை எதுவானாலும் ஏற்றுக்கொள்வோம்.

இன்னொரு முக்கியமான வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் பழைய பதக்கம் இருந்தால் தயவுசெய்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு வெட்டியிருக்கும். நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே படம் எடுத்துக்கொண்டு, அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
நினைவுக்கல் சீரமைப்புக் குழு