ஊதாதே டா, துடை

டேய் சேகர்,

உன் மெயில் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம், கதை கட்டப்போவதில்லை. இங்கே தண்டையார்பேட்டையில் மூன்று நாள் மழை, தெருமுனையில் நின்ற தண்ணீர் இன்று காலைதான் வடிந்தது.

முதலில் உன் மீன் குழம்பு. மீன் உடைந்து கூழாகிறது என்று எழுதியிருந்தாய். உடையாமல் என்ன செய்யும், நீதான் கரண்டியை விட்டுக் கிண்டுகிறாயே! புளிக்கரைசல் மிளகாய்த்தூளோடு கொதித்து, பச்சை வாசனை போய், எண்ணெய் மேலே மிதக்கிற வரை பொறுமையாக இரு. மாங்காய் போடுவதானால் புளியைக் குறைத்துக்கொள். மீன் கடைசியில்தான், சங்கரா என்றால் ஏழெட்டு நிமிஷம் தாராளம். மீன் விழுந்த பிறகு கரண்டிக்குச் சட்டியில் வேலையே கிடையாது. துணியால் விளிம்பைப் பிடித்து இரண்டு சுற்று சுழற்றிவிட்டு இறக்கிவிடு. அப்புறம் குழம்புக்குப் போய் வஞ்சிரம் வாங்கிக் காசைக் கரைக்காதே, அது வறுக்கத்தான். ஓசூருக்கு வருவது ஐஸ் மீனாகத்தான் இருக்கும், அதனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதே. காசிமேட்டிலேயே நான் பார்த்துத்தான் வாங்குகிறேன், அதுவும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வந்துவிட்டால் விலையைக் கேட்டதும் நெத்திலியோடு திரும்பிவிடுவேன்.

சரி, பரணில் கிடைத்த டிவி கேமுக்கு வருவோம். உங்கள் அப்பா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது தானே அது? நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல் என்று அப்போது நமக்கெங்கே தெரியும், கேசட்டில் ‘9999999 இன் 1’ என்று போட்டிருந்ததை நம்பி முழு ஆண்டு லீவு பூராவும் எண்ணிக்கொண்டிருந்தோம், உள்ளே சுற்றிச்சுற்றி அதே கேம்தான். கேசட் ஓடவில்லை என்றால் ஊதாதே. வாயின் ஈரம் பட்டுப்பட்டு, பெட்டிக்குள் செருகுகிற பக்கத்தில் இருக்கிற அந்த உலோகத் தகடு அரித்துப்போகும். அன்றைக்கு ஓடியது ஊதியதால் இல்லை, கழற்றி மறுபடி செருகியதால். மெடிக்கலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தகட்டைத் துடை. பஞ்சு முதலில் கரிக்கறுப்பாக வரும். பயப்படாதே, வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிமாற்றித் துடைத்துக் காயவிடு.

அடாப்டரை மட்டும் கண்டதைச் செருகாதே. எத்தனை வோல்ட், பின்னின் உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டிக்கு அடியில் பார். நான் ரௌட்டர் அடாப்டரை மாட்டி, ஒரு சின்ன ‘டப்’ சத்தம், கொஞ்சம் புகை, அத்தோடு என் பெட்டி முடிந்தது. யாரைத் திட்ட, என்னைத்தான்.

அந்த கேமில் வாத்து சுடுகிற துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யவில்லை என்றாயே, அது ரிப்பேர் இல்லை. ட்ரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு நொடிக்கும் குறைவாகக் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது. பிக்சர் டியூப் டிவியின் வேகத்துக்குச் செய்தது, எல்இடி டிவி படத்தைத் தாமதமாகக் காட்டினால் துப்பாக்கிக்குக் கண் தெரியாது. நாம் ஆடிய காண்ட்ரா கேமுக்கும் இந்தத் தாமதம் தொல்லைதான், டிவி செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடு. காண்ட்ரா தொடக்கத் திரையில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று பட்டன்களை அழுத்தினால் 30 உயிர். விரல் மறந்திருக்காது.

பழைய லேப்டாப்பை விற்கப்போகிறேன் என்கிறாயே, என்ன அவசரம்? விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு சப்போர்ட் முடிந்தது, மிஷின் சாகவில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான வகையை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் ஏற்று. போட்டோக்களை முதலில் வேறெங்காவது காப்பி எடுத்து வை, சொல்லவில்லை என்று பிறகு சண்டைக்கு வராதே. அதிலேயே பழைய கேம்களை ஓட்டுகிற ரெட்ரோஆர்ச் போட்டால் பையனுக்கு ஒரு கேம் பெட்டி ஆயிற்று.

பொங்கலுக்கு வரும்போது அந்தத் துப்பாக்கியையும் எடுத்து வா. எங்கள் வீட்டில் பழைய டியூப் டிவி இன்னும் ஓடுகிறது. அதைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லி வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன், நீ வருகிறவரை சமாளிக்கிறேன். பர்மா நூடுல்ஸ் அத்தோ என் செலவு, வாழைத்தண்டு சூப் உன் செலவு.

உன்,
பாபு