தம்பியின் மருந்துச் செலவு குறித்து

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். மற்ற சேதிகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தம்பியின் மனநல மருந்து விஷயம் அதுவரை காத்திருக்கக் கூடாது.

காப்பீடு இல்லை, கையில் பணமும் இல்லை, அதனால் இருக்கும் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துச் சமாளிப்பதாக எழுதியிருக்கிறாய். உன் நிலைமை புரிகிறது. ஆனால் இந்த வழி வேண்டாம். மனநோய்க்காக அவன் போடும் குவெட்டியாபின் ஏறக்குறைய 7 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஓர் இரவு விட்டால் அந்த இரவு மருந்தே இல்லாத இரவுதான். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் அப்படிப் பாதியாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆகவே ஒருநாள் விட்டுக் கொடுத்தால் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பலன் தரும் எல்லைக்குள் நிற்காது. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் முதல் சில மாதங்களில் நோய் வேகமாகத் திரும்புகிறது, தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. நிறுத்தியே தீரவேண்டும் என்றாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். பதற்றத்தைத் தணிக்கும் குளோனசெபாமைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். எனவே இன்றே மருத்துவருக்குப் போன் செய். எத்தனை நாளாக இப்படி நடக்கிறது என்பதை மறைக்காமல் சொல். முழு அளவுக்கு எப்படித் திரும்புவது என்று அவரிடமே கேள். குவெட்டியாபின் ஒரு வாரத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால் பழைய டோஸை ஒரேயடியாகக் கொடுக்காமல் சிறிய அளவிலிருந்து ஏற்றவேண்டும்.

செலவைக் குறைக்கவேண்டியது மருந்துச் சீட்டில். தம்பி விழுங்கும் வேளையில் கை வைக்கக் கூடாது. சீட்டில் குறைக்க நிறையவே இடம் இருக்கிறது.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்: மருந்தின் பெயர், மில்லிகிராம், நாளைக்கு எத்தனை, மாதத்துக்கு எவ்வளவு பணம். பெரும்பாலான மருத்துவர்களுக்கு மருந்தின் விலை தெரியாது, நாம் சொன்னால்தான் தெரியும். “எங்களால் மாதம் இவ்வளவுதான் முடியும், இதற்குள் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றலாம்?” என்று நேராகவே கேள். “கொஞ்சம் விலை குறைவாகப் பாருங்கள் டாக்டர்” என்று பொதுவாகச் சொன்னால் ஏதாவது ஒன்றை மாற்றி எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். தொகையைச் சொன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். தம்பியின் சீட்டில் இருக்கும் வைட்டமின் மாத்திரையையும் டானிக்கையும் பற்றி முதலில் கேள். ரத்தப் பரிசோதனையில் குறைபாடு எதுவும் தெரியாவிட்டால் அவை இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்தது பிராண்டு. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் குவெட்டியாபின் ஃப்யூமரேட், இத்தனை மி.கி. குவெட்டியாபினுக்குச் சமம் என்று போட்டிருக்கும். உனக்கு வேண்டியது அந்தப் பொடி எழுத்து. சீட்டில் அந்தப் பெயரையே எழுதச் சொல். ஜெனரிக் (பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்பது) என்றால் 20 விழுக்காடு மருந்து குறையும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய், அது தவறான புரிதல். ஜெனரிக்கையும் மூல பிராண்டையும் ஒப்பிடும் சோதனையில் 80 முதல் 125 விழுக்காடு என்று ஓர் எல்லை உண்டு, அந்தப் பேச்சு அதிலிருந்து வந்தது. ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவை ஒப்பிடும்போது கணக்கிடும் பிழைவரம்பு முழுவதும் அதற்குள் அடங்கவேண்டும் என்பதற்காக வைத்தது அந்த எல்லை. மாத்திரையில் மருந்தைக் குறைத்துப் போட அனுமதி என்று அதற்கு அர்த்தம் இல்லை. சராசரி வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தால்தான் ஒரு மருந்து அதில் தேறவே முடியும்.

லித்தியத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அது மலிவான மருந்து. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை எழுதினார். இயற்கையில் கிடைக்கும் உப்பு என்பதால் யாருக்கும் தனி உரிமை கிடையாது. அதனால் இதில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு உடலில் கரையும் வேகம் மாறும். ஒரே கம்பெனியின் மாத்திரையையே தொடர்ந்து வாங்கு. கடையில் வேறு கம்பெனி கொடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, 5 முதல் 7 நாளில் ரத்த அளவைப் பார்த்துவிடு.

பணம் அதிகம் போவது குவெட்டியாபின் எக்ஸ்.ஆரில்தான் என்று நினைக்கிறேன். மெதுவாகக் கரையும் அந்த வகைக்குப் பதில் சாதாரண வகையை, அதே மொத்த மி.கி. அளவில், வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேள். பெரும்பாலும் விலை குறையும். மாத்திரை போட்ட சில மணி நேரம் தூக்கமும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் கூடுதலாக இருக்கும். முதல் வாரம் இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது, கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொல்.

பெரிய மாத்திரையை வாங்கிப் பாதியாக்கலாமா என்று கேட்டிருந்தாய். பல மருந்துகளில் 10 மி.கி. மாத்திரை ஒன்றின் விலை, 5 மி.கி. மாத்திரை இரண்டின் விலையைவிடக் குறைவு, அதனால் லாபம்தான். ஆனால் நடுவில் கோடு இருக்கும் சாதாரண மாத்திரையை மட்டும், மருத்துவர் சரி என்ற பிறகு, மாத்திரை வெட்டும் சிறு டப்பாவில் வைத்து வெட்டு. கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும், பொடியும் உதிரும். ஒன்றை வெட்டி இரண்டு பாதியும் தீர்ந்த பிறகே அடுத்தது. எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர்., சி.ஆர். என்று எழுதியிருப்பவை மெதுவாகக் கரையும் வகை, அவற்றை உடைக்கவே கூடாது. பல மணி நேரத்துக்கு உரியது ஒரே அடியாக வயிற்றில் இறங்கிவிடும். மனநிலையைச் சீராக்கத் தரும் சோடியம் வால்ப்ரோயேட்டும் இப்படி வெட்டுவதற்கு ஒத்துவராது, காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்.

குளோனசெபாமை எப்போதாவது நிறுத்த முடியுமா என்றும் கேள். மருத்துவர் சம்மதித்தால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 5 முதல் 10 விழுக்காடு வீதம் இறக்குவார்கள். அவசரம் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. லித்தியத்தின் பலன் தரும் எல்லைக்கும் நஞ்சாகும் எல்லைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. வழக்கமாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கவேண்டும். இரவு 8 மணிக்குக் கொடுத்தால் மறுநாள் காலை 8 மணி. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், டோஸைக் குறைத்துவிடுவார்கள், அதிலிருந்து நோய் தலைதூக்கும். அதே காலையில் வெறும் வயிற்றோடு போனால் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கானது), தைராய்டு, கால்சியம் எல்லாவற்றையும் ஒரே ஊசியில் முடித்துவிடலாம். தண்ணீர் குடிக்கலாம். முடிந்ததும் காலை மாத்திரையைக் கொடு. உடம்புவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமால் பரவாயில்லை. வாந்தி, பேதி, கைநடுக்கம், தள்ளாட்டம் என்றால் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடு.

சித்தி மகனுக்குச் சொன்ன ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஹாலோபெரிடால் டெக்கனோயேட் மனநோய்க்கு மாதம் ஒன்று போடும் ஊசி, பழைய மருந்து, புதிய நீள்நாள் ஊசிகளைவிட மிகவும் மலிவு. நல்லெண்ணெயில் கரைத்தது, ஆகவே எள் ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். உடல் விறைப்பும் நடுக்கமும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் வழிகள்: அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் புறநோயாளிப் பிரிவு இருந்தால், மருத்துவரைப் பார்த்த கையோடு அங்குள்ள சமூகப் பணியாளரையும் பார். எந்த உதவிக்கு எந்தப் படிவம் என்பது அவருக்குத்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 1977 முதல் வெளியிடும் இன்றியமையா மருந்துப் பட்டியலில் லித்தியம், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஃப்ளூவாக்ஸெட்டின் ஆகிய மனநல மருந்துகள் எல்லாம் இருக்கின்றன. பொது மருத்துவமனைகளில் இவை கையிருப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். சில கம்பெனிகள் வருமானச் சான்றும் மருத்துவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு தங்கள் மருந்தை இலவசமாகவே தருகின்றன. ஆனால் விண்ணப்பம் நகர வாரக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் மருந்து கையில் இருக்கவேண்டும். மருத்துவர் இலவச சாம்பிள் கொடுத்தால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்கு: “இது தீர்ந்த பிறகு மாதம் என்ன விலை?” சாம்பிள் பெரும்பாலும் புதிய, விலை கூடிய பிராண்டாகவே இருக்கும். அதில் தம்பி நிலைப்பட்டுவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம். சீட்டே கேட்காமல் இணையத்தில் விற்பவர்களிடம் மட்டும் போகாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

விலை குறைந்ததும் மிச்சமாகும் முதல் பணத்தில் இரண்டு வாரத்து மருந்தைக் கூடுதலாக வாங்கி வை. ஆனால் லித்தியம் ஒரே நேரத்தில் அதிகம் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, எனவே அந்த டப்பா உன் அலமாரியில், பூட்டுக்குள் இருக்கட்டும்.

அந்தத் தாளையும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மருத்துவரிடம் எதை முதலில் கேட்கவேண்டும் என்று வரிசைப்படுத்தி அனுப்புகிறேன். தம்பிக்கு என் அன்பைச் சொல்.

உன் தோழி