ரிப்போர்ட்டை விடு, காலைப் பார்

தருமபுரி

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய முதுகு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் படித்தேன். மூன்று இடத்தில் 'ஜவ்வு விலகிவிட்டது' என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்தான் உன் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஜவ்வு என்று நாம் சொல்வது டிஸ்க், முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. அது இடம் விட்டு நகர்வதில்லை. மேலும் கீழும் முள்ளெலும்போடு ஒட்டியே இருக்கும். நுங்கை நினைத்துக்கொள். வெளியே நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். வயது ஏற ஏற நீர் வற்றும். டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும், வற்றிய டிஸ்க் கறுத்துத் தெரியும். 'டெசிகேஷன்' என்பது இவ்வளவுதான்.

'பல்ஜ்' என்றால் வளையம் சுற்றளவில் கால் பங்குக்கு மேல் பரவலாகப் பிதுங்கியிருக்கிறது. 'ப்ரொட்ரூஷன்' ஓரிடத்தில் மட்டும், அடி அகன்ற பிதுக்கம். கூழ் வளையத்தைக் கிழித்து வெளியே வந்தால் 'எக்ஸ்ட்ரூஷன்'. முதுகுவலியே இல்லாத 3110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 50 வயதுக்காரர்களில் 80% பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60% பேருக்கு பல்ஜ். நம் வயதுதான்!

உன் வலி வலது புட்டத்தில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்புறம் பெருவிரல் வரை போகிறது. அது எல்5 நரம்பின் பாதை. எல் என்பது இடுப்புப் பகுதி முள்ளெலும்பு, எண் மேலிருந்து வரிசை; எஸ்1 அதற்கும் கீழே. எல்4-எல்5 டிஸ்க் நடுவை ஒட்டிப் பிதுங்கினால் அழுத்துவது பெரும்பாலும் எல்5 நரம்பைத்தான். எல்4 அதற்கு மேலேயே வெளியேறிவிடுகிறது. ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5, வலது' என்று ஒரு வரி இருக்கிறதே, பொருந்துவது அது ஒன்றுதான். எல்5-எஸ்1 இடப்பக்கம் என்று போட்டிருக்கிறது. உன் வலது காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஸ்1 நரம்பாக இருந்தால் கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் பக்கம் இழுக்கும். எல்3-எல்4 பல்ஜ் வயதுக்கானது.

வாரம் ஒருமுறை, செருப்பில்லாமல், குதிகாலில் பத்தடி நட. பிறகு குதிகாலைத் தூக்கிக் கால்விரல்களில் நட. பெருவிரலைத் தூக்கி, வீட்டில் யாரையாவது விரலால் அழுத்தச் சொல், தாக்குப்பிடிக்கிறதா பார். எழுதி வை. வலி குறைந்து பலமும் குறைந்தால் அது குணமாவதல்ல, உடனே காட்டு. வலி பாதத்திலிருந்து ஏறிப் புட்டத்தோடு நின்றுவிட்டால், முதுகு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் நல்ல அறிகுறி.

நாள்கணக்கில் படுத்துக்கிடக்காதே. பத்துப் பத்து நிமிடமாகப் பலமுறை நட. இந்த சீசனில் மாங்காய் கிரேடைத் தூக்கவே வேண்டாம். குனிந்தபடி எடையோடு திரும்புவதுதான் டிஸ்க்குக்குக் கெடுதல். மிதித்து, நெட்டி முறித்துவிடும் ஆளிடமும் போகாதே. பெரும்பாலான கால்வலி 6 முதல் 12 வாரத்தில் தணியும். பெரிதாக வெளியே வந்த கூழைக்கூடப் பல சமயம் உடலே கரைத்துக்கொள்கிறது. பல்ஜைவிட எக்ஸ்ட்ரூஷன் அதிகம் சுருங்கும்.

சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், மலம் அடங்காமல் போனால், உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனால், இரண்டு காலும் தளர்ந்தால், காத்திருக்காதே. அந்த மணி நேரமே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

அடுத்த வாரம் வா. தாளை மட்டும் எடுத்து வராதே, படங்களையும் கொண்டு வா. பைக் வேண்டாம், பஸ்ஸில் வா. பின் சீட்டில் உட்காராதே.

அன்புடன்,
உன் நண்பன்